இடது பூட்ஸை எடுத்தது நான்தான்

என் பெயரும் விலாசமும் இந்த போலீஸ் வாக்குமூலத்தின் முதல் தாளில் உள்ளன. வயது நாற்பத்தொன்று. பெண்கள் கால்பந்து அணியில் பதினோரு வருடமாக பிசியோ. இறுதி ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது எங்கள் முன்கள ஆட்டக்காரியின் இடது பூட்ஸை ஒளித்து வைத்தது நான்தான். பதற்றத்தில் செய்ததாக எழுத வேண்டாம். தெரிந்தேதான் செய்தேன்.

அவளைப் பம்பரம் என்று கூப்பிடுவோம். இறுதி ஆட்டத்துக்கு மூன்று வாரம் முன் எதிரணிக்காரியோடு தலை மோதி விழுந்தாள். பத்து நாளில் தலைவலி, கிறுகிறுப்பு எல்லாம் போய்விட்டது. அதன் பிறகு வழக்கமான சோதனை வைத்தேன். கோட்டின் மேல் அடிமேல் அடி வைத்து நடந்தபடியே மாதங்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். பிசிறில்லாமல் சொன்னாள். ஆடலாம் என்று கையெழுத்துப் போட்டேன்.

இறுதி ஆட்டத்தன்று உடைமாற்றும் அறையில் கோல்கீப்பர் என்னைக் கிண்டல் செய்தாள். "உங்க டெஸ்ட்டு எங்க எல்லாருக்கும் மனப்பாடம்க்கா. டிசம்பர், நவம்பர்னு தூக்கத்துலகூட சொல்லுவோம்." மனப்பாடமாகச் சொன்னால் மூளைக்கு வேலையே இல்லை, அது சோதனையே இல்லை. பதினோரு வருடமாக ஒரே கேள்வியைக் கேட்ட மண்டு நான்தான். அதன் பிறகு பம்பரத்தை வெளித் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போய், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே நடக்கச் சொன்னேன். தொண்ணூற்று மூன்று என்றாள், கால் நின்றது. எண்பத்தாறு என்றாள், மறுபடி நின்றது. அதன் பிறகு கழித்தபடியே ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னேன், இடது முழங்கால் உள்பக்கம் மடிந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

பயிற்சியாளரிடம் ஓடினேன். தலை தெளிந்தாலும், யோசித்துக்கொண்டே ஓடும்போது கால் தாமதிக்கலாம், வேகமாகத் திரும்பினால் முழங்கால் ஜவ்வு கிழியலாம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"ஃபைனல் அன்னிக்குக் கணக்குப் பாடம் நடத்துறீங்களா மேடம்? கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

நியாயமான கேள்வி. அதன் பிறகு பூட்ஸை ஐஸ் பெட்டியின் அடியில் புதைத்து, மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டேன். அவள் கால் அளவு அணியில் வேறு யாருக்கும் கிடையாது. பயிற்சியாளர் கத்தினார், பம்பரம் அழுதாள், விசில் ஊதிவிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

ஒரு கோலில் தோற்றோம். அவள் ஆடியிருந்தால் ஜெயித்திருப்போமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஜெயித்திருக்கலாம். அவள் முழங்கால் போயிருக்கும் என்பதற்கு என்னிடம் அத்தாட்சி இல்லை.

எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல அவளும் வந்து வெளியே நிற்கிறாள். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் யார் தோளையும் பிடிக்காமல் நடந்து வந்திருக்கிறாள். இன்னொரு முறை நடந்தாலும் எடுப்பேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதில் ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
அணியின் பிசியோ