1812 போரும் ஒரு தாம்பூலத் தட்டும்

ஜெர்சி சிட்டி குடியுரிமைத் தேர்வு வகுப்பிலிருந்து ஓய்வு பெறும் பர்வதம் அம்மையாருக்கு, உடன் பணியாற்றியோர் மனமுவந்து அளிப்பது

அன்பும் அறிவும் அஞ்சாமையும் அமைந்த அம்மையீர்!

பிள்ளைகளோடு வாழ வந்த பெற்றோருக்குச் சனிக்கிழமை காலைகளில் இந்நாட்டின் சரித்திரத்தைச் சொல்லித் தந்தீர்கள். உங்கள் பெருமைக்கு ஒரு சனிக்கிழமையே சான்று. இரு குடும்பங்களின் சம்மதம் பெற்றே அதை இங்கு எழுதுகிறோம்.

அன்று சுப்பையன் வகுப்புக்கு வந்தது படிக்க அல்ல, விடைபெற. பேத்தியின் பெயர் சூட்டு விழாவில் குழந்தையின் காதில் முதலில் பெயர் சொல்ல வேண்டியவர் அவர். சம்பந்தி நாகலக்ஷ்மி முந்திக்கொண்டார். முறை தவறியதை நாங்களும் சிறிய விஷயம் என்று சொல்ல மாட்டோம். மன்னிப்புக் கேட்டு ஒரு சொல்லும் வரவில்லை என்பதால், குடியுரிமை நேர்காணலும் வேண்டாம், பேத்தியும் வேண்டாம் என்று ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். அதே வகுப்பின் பின்வரிசையில் நாகலக்ஷ்மி இருந்தார். சுப்பையன் திரும்பிப் பார்க்கவில்லை.

நீங்கள் அவரைத் தடுக்கவில்லை. “பாடம் முடியட்டும், அப்புறம் கிளம்புங்க சார்” என்று மட்டும் சொன்னீர்கள். அவரும் கதவோரம் விறைப்பாக உட்கார்ந்தார்.

பாடம், 1812-இல் பிரிட்டனோடு மூண்ட போர். அமெரிக்கக் கப்பல்களை மறித்து, மாலுமிகளைத் தங்கள் கடற்படைக்கு இழுத்துப் போனார்கள் ஆங்கிலேயர்கள். “நம்ம பந்தியில உக்காந்தவனைப் பக்கத்து வீட்டுக்காரன் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் அவன் வீட்டுல பாத்திரம் தேய்க்க விட்டா?” என்று கேட்டீர்கள். கோபத்தையும் மறந்து சுப்பையன் தலையாட்டினார். தலைநகர் எரிந்ததையும், அதிபரின் மனைவி வாஷிங்டனின் ஓவியத்தைக் காப்பாற்றியதையும், “கப்பலை விட்டுக்கொடுக்காதீர்கள்” என்று சொல்லி மடிந்த நம் நியூ ஜெர்சிக் கப்பல்தலைவர் லாரன்ஸையும் சொல்லி முடித்து, நியூ ஆர்லியன்ஸுக்கு வந்தீர்கள். சமாதான உடன்படிக்கை ஐரோப்பாவில் கையெழுத்தாகிவிட்டது. கப்பலில் வந்த செய்தி சேரும் முன்பே ஆண்ட்ரூ ஜாக்சனின் படையும் ஆங்கிலேயரும் அங்கே மோதி, நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

“சமாதானம் ஆனப்புறம் சண்டையா? புத்தி கெட்டவனுங்க!” என்றார் சுப்பையன்.

பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. “இங்க மட்டும் என்ன வாழுதாம்? நான் தட்டு அனுப்பினப்புறமும் டிக்கெட் போட்டிருக்காரே சம்பந்தி!”

“எந்தத் தட்டு?”

“போன வாரம் மாப்பிள்ளை கையில குடுத்தேனே! வெத்தலை பாக்கு, வேஷ்டி, பழம் எல்லாம் வெச்சு, தப்புதான்னு சொல்லி அனுப்பினேனே!”

சுப்பையன் முதல்முறையாகப் பின்வரிசைப் பக்கம் திரும்பினார். நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டு வாசலுக்குப் போனீர்கள். தந்தைக்காகக் காரில் காத்திருந்த சாய்ராம், “ஐயோ ஆன்ட்டி! ஆபீஸ்ல சாஃப்ட்வேர் ரிலீஸ் வீக். டிக்கியில வெச்சுட்டு டோட்டலா மறந்துட்டேன்!” என்று தலையில் அடித்துக்கொண்டார். டிக்கியைத் திறந்தபோது பழங்கள் கறுத்திருந்தன. வேஷ்டியின் மடிப்பு கலையவில்லை.

தட்டை உள்ளே தூக்கி வர அவர் கை நீட்டினார். நீங்கள் விடவில்லை. “நீ சேதி ஏத்தின கப்பல் போதும்ப்பா.” நாகலக்ஷ்மியையே வரவழைத்து, அவர் கையால் கொடுக்கச் செய்தீர்கள்.

சுப்பையன் எழுந்தார். தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு இரண்டு கைகளாலும் வாங்கினார்.

“பழம் போச்சே, சம்பந்தி.”

“வேஷ்டி போகலையே!” என்றார் நாகலக்ஷ்மி.

சுப்பையன் மகன் பக்கம் திரும்பினார். “நின்னு வேடிக்கை பார்க்காத. டிக்கெட்டை கேன்சல் பண்ணு!”

அடுத்த மாதம் நேர்காணலில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கா நடத்திய போர் ஒன்றைச் சொல்லுமாறு அதிகாரி கேட்டார். சுப்பையன் 1812 என்றார். கேட்காமலே நியூ ஆர்லியன்ஸ் கதையையும் சொன்னாராம். இன்று அவர் இந்நாட்டின் குடிமகன். இந்த அரங்கின் முதல் வரிசையில் சம்பந்தியின் பக்கத்தில், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார்.

அம்மையீர்! பாடம் நடத்தியவர் பலர். படித்தவரின் குடும்ப மானம் இரு பக்கமும் குறையாமல் காத்தவர் நீங்கள். உடல்நலமும் மனநிறைவும் குன்றாமல் நெடுங்காலம் வாழ்க!

இம்மடலையும் இதனோடு உள்ள தாம்பூலத் தட்டையும் யார் கையிலும் கொடுத்தனுப்பவில்லை. நாங்களே நேரில் கொண்டு வந்திருக்கிறோம். பழங்கள் இன்று காலை வாங்கியவை.

இங்ஙனம்,
ஆசிரியர் குழுவினர் சார்பில்
திருமூர்த்தி
ஜெர்சி சிட்டி