வெளிய உக்காரச் சொன்னாங்க

...நீங்களே சொல்லுங்கக்கா, 'பொய்வலி'ன்னு ஒரு பேரா? யாருக்குப் பொய்? போன வாரம் எங்க அண்ணி துடிச்சாங்க, பொய்வலின்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இன்னைக்கு நெஜ வலியாம். அப்ப அன்னைக்குத் துடிச்சது நடிப்பான்னு நர்ஸம்மாகிட்ட கேட்டேன். கேட்டது ஒரு குத்தமா? 'துணைக்கு வந்தியா, வழக்காட வந்தியா, வெளிய போய் உக்காரு'ன்னுட்டாங்க.

அண்ணி உள்ள தனியா கெடக்குறாங்க. அண்ணனுக்கு ஊசியப் பாத்தாலே கண்ணு இருட்டும். அதான் நான் கூட நிப்பேன்னு வாக்குக் குடுத்திருந்தேன். இதுக்குன்னே எவ்வளவு படிச்சேன் தெரியுமா? காலேஜ் பாடத்தக் கூட அப்படிப் படிச்சதில்ல. பனிக்குடம், கர்ப்பப்பை வாய், நஞ்சுக்கொடி... அந்தப் பேரப் பாருங்க. பத்து மாசம் புள்ளைக்குச் சோறு போட்டதுக்கு நஞ்சாம். நன்றி கெட்ட உலகம்.

உங்க வீட்டுக்காரர் இன்னும் வண்டிய நிறுத்திக்கிட்டா இருக்காரு? நீங்க தலையாட்டுறீங்க பாருங்க, நியாயம் தெரிஞ்சவங்க. கையக் கூட ஆதரவா... மெதுவாக்கா, மோதிரம் குத்துது.

நெஜ வலிய எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு என்னைக் கேளுங்க. அலை மாதிரி வரும், விடும். மறுபடி வரும். இடைவெளி கொறஞ்சுகிட்டே போகும். வலி வந்தா பேச்சு வராது, பக்கத்துல எது இருக்கோ அத இறுக்கிப் புடிச்சுக்குவாங்க. இப்ப நீங்க என் கைய...

அக்கா.

எப்பலேந்து? நான் உக்காரும்போதேவா? சொல்ல வேண்டியதுதானே... ஆமா, எங்க சொல்ல விட்டேன். காலடியில என்ன ஈரம்? ஐயோ, பனிக்குடம்.

சிஸ்டர். நாந்தான், சண்டக்காரிதான். அத விடுங்க, இவங்களப் பாருங்க. இல்ல, நான் கவனிக்கல. ஆமா, பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். ஆமா, எல்லாம் படிச்சிருக்கேன், சிரிக்காதீங்க. நான் எங்க வர்றேன்னேன், அவங்கதான் கைய விட மாட்டேங்குறாங்க... உள்ளயா? வாயே தொறக்க மாட்டேன் சிஸ்டர், சத்தியமா.

அண்ணி, இந்தா வந்துட்டேன். அழாதீங்க. ஒரு கை இவங்ககிட்ட மாட்டியிருக்கு, இன்னொண்ணு உங்களுக்குத்தான். ரெண்டு பேரும் இப்ப மூச்ச மெதுவா இழுத்து...

சரி சிஸ்டர்.