அரசர் நிறுவிய நாற்காலி

கறுப்புத் துணி போர்த்திய மேடையில் வீற்றிருக்கும் பல்கலைத் தலைவர் அவர்களே, ராஜப் பிரதிநிதியின் செயலர் அவர்களே, அருட்தந்தையரே, அழுது கண் வீங்கி நிற்கும் மாணவர்களே, வணக்கம். எனக்குக் கோபத்தை அடக்கிப் பேசத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பேராசிரியர் டாக்டர் லாசரோ கின்யோனெஸ் எப்படிச் செத்தார்? எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் இறைவனடி சேர்ந்தார் என்றார்கள். அவராகவா சேர்ந்தார்? இந்த மண்டபத்துப் படிக்கட்டில், பட்டப்பகலில், இரும்புப் பூண் போட்ட தடியால் மண்டையைப் பிளந்து அனுப்பினார்கள். படியில் சிதறிய அவர் பல்லைப் பொறுக்கியது இந்தக் கை.

அவர் செய்த குற்றம் என்ன? ஸ்பெயினில் இருக்கும் நம் அரசர், மலை மக்கள் பேசும் கெச்சுவா மொழிக்கென்று நிறுவிய பேராசிரியர் நாற்காலியில் நேர்மையாக உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியில் இருப்பவர் தேர்வு வைத்துத் தேறினார் என்று சொல்லாமல், எந்தச் சாமியாரும் மலை ஊருக்குப் பங்குத்தந்தையாகப் போக முடியாது. பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அது தொண்டையில் முள்.

அவர் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை? மலையில் ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர் அவர். நெசவுக்கூடத்தில் புருஷனைக் கட்டிவைத்து அடிக்கிறார்கள் என்று ஒருத்தி பங்குத்தந்தையின் காலில் விழுந்து கதறினாள். அந்தச் சாமியாருக்கு அவள் பேசிய கெச்சுவாவில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. பாவமன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்து ஆசீர்வதித்து அனுப்பிவிட்டார். அவள் திரும்பி ஓடியபோது புருஷன் முதுகில் தோல் இல்லை. உயிரும் இல்லை.

அதனால்தான், அந்த ஊர்ப் பண்ணையாரின் தங்கை மகன் அருட்தந்தை கஸ்பார் இபர்ரோலா அங்கே பங்குத்தந்தையாகப் போகத் தேர்வுக்கு வந்தபோது லாசரோ மசியவில்லை. வழக்கம்போல் பிரசங்கப் புத்தகத்துக்குள் கத்தியைச் செருகி, கத்தி நுழைந்த பக்கத்தைக் கெச்சுவாவில் விளக்கச் சொன்னார். கஸ்பார் வியர்த்து நின்றார்.

"என்ன சாமி, வாயில உருளைக்கிழங்கா வச்சிருக்கீங்க?"

"எங்க மாமா யாருன்னு தெரியுமாய்யா உமக்கு?"

"நல்லாத் தெரியும். அதையே கெச்சுவாவுல சொல்லுங்க, தேறிட்டீங்கன்னு எழுதிடறேன்."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த வாரமே சந்தில் மடக்கி லாசரோவின் வலது காதை அறுத்தார்கள். பண்ணை ஆட்கள்தான் என்று சந்தைக்கே தெரியும். மறுநாள் ரத்தம் ஊறிய கட்டோடு வகுப்புக்கு வந்தார்.

"விட்டுத் தொலைங்களேன்யா, அவன் எங்கயாவது போகட்டும்" என்றேன்.

"எங்கய்யா போவான்? அந்தப் பொம்பள ஊருக்குத்தான போவான்? போய்யா, எனக்கு இன்னொரு காது இருக்கு."

கடைசியில் கொன்றார்கள். ஆள் செத்தால் நாற்காலி காலி, ஸ்பெயினிலிருந்து கப்பலில் அடுத்தவர் வரும்வரை தேர்வே கிடையாது என்று கணக்குப் போட்டார்கள். அரசரின் கட்டளையை ஒருவரும் படிக்கவில்லை. பேராசிரியர் விழுந்த நாழிகையிலேயே அவருக்கு அடுத்த நிலையில் பாடம் சொல்லிவந்தவர் உட்கார வேண்டும். அந்த அடுத்தவன் நான். உட்கார்ந்துவிட்டேன்.

பின்வரிசையில் மெழுகுவர்த்தி ஏந்தி நிற்கும் கஸ்பார் அவர்களே, கிளம்பாதீர்கள். இங்கே யாரும் உங்கள்மேல் கை வைக்க மாட்டோம். பாதியில் நின்ற உங்கள் தேர்வை இப்போது தொடர்கிறேன். லாசரோவுக்கு நான் செய்யும் அஞ்சலி இதுதான்.

புத்தகமும் கத்தியும் வேண்டாம். சவப்பெட்டி அருகே நிற்கிறாளே, அவள்தான் அந்த நெசவாளியின் மனைவி. மலையிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். எங்கள் லாசரோ ஐயா எப்படிச் செத்தார் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

முன்னால் வாருங்கள் சாமி. அவளுக்குக் கெச்சுவாவில் சொல்லுங்கள்.