குருவி போட்ட முடிச்சு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. என் குரல் முன்போல எழும்புவதில்லை. ஒரு கதை சொல்கிறேன், நடந்த கதை. இதில் தப்பு செய்த ஆள் யாரென்று நீங்கள் தேடிச் சிரமப்பட வேண்டாம். நான்தான்.

எழுத்து பொடியாக இருக்கிறது என்று பலர் குறைப்பட்டதால்தான் எங்கள் இணையதளத்தைப் புதுப்பிக்கவே இறங்கினோம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு, கணவர் போன பிறகு, துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கணினியைப் போட்டு, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து நானே கட்டிய தளம் அது. கலங்கரை விளக்கக் காவலாளி ஒருவன் துப்பறியும் ஆறு பழைய படங்களைப் பற்றியது. ரசிகர்கள் நாங்கள் அவற்றை 'விளக்குப் படங்கள்' என்போம். பத்திரிகைகளைக் கத்தரித்தும், அந்தப் படங்களில் வேலை செய்தவர்களைத் தேடிப்பிடித்தும், நானூற்றுப் பன்னிரண்டு தகவல்கள் சேர்த்து வைத்திருந்தேன்.

இன்னொருவரும் இதே படங்களுக்கு ஒரு தளம் நடத்தினார். உழைப்பு என்னுடையது, பெயர் அவருடையது. என் எழுத்துப்பிழைகூட அங்கே அப்படியே இருக்கும். நானும் என் அண்ணன் மகளும் அவருக்குக் 'கார்பன்' என்று பெயர் வைத்திருந்தோம். அவரைப் பிடிக்க ஒரு வழி உண்டு. இத்தனை உண்மைகளுக்கு நடுவில் ஒரே ஒரு பொய்யை வைத்துவிட வேண்டும். அது அவர் பக்கத்தில் வந்தால், எங்கிருந்து எடுத்தார் என்று ஊரறியக் கேட்கலாம். எங்களைப் போன்றவர்கள் செய்கிற காரியம்தான்.

தளத்தைப் புதுப்பிக்கும் பேச்சு எழுவதற்குப் பல வருஷம் முன்பே பொய்க்கு இடம் தேடினேன். மூன்றாவது படத்தில், விளக்குக் கோபுரத்திலிருந்து குதிக்கும் காட்சியில் கயிறு நழுவி, கதாநாயகனுக்கு டூப் போட்டவர் விழுந்து இறந்துபோனார். கயிற்றைக் கட்டியது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. படம் முடிந்து ஓடும் பெயர்ப் பட்டியலில், எல்லோருக்கும் கீழே, 'கயிறு உதவி: குருவி' என்று ஒரு வரி வரும். பட்டப்பெயர், அதுவும் அத்தனை கீழே. அதற்குப் பின்னால் ஒரு முகம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 'கயிற்றைக் கட்டியவர் குருவி. அவசரத்தில் இரண்டு சுற்றுக்குப் பதில் ஒரு சுற்றுப் போட்டுவிட்டார்' என்று எழுதினேன். எழுதும்போது டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் கார்பன் மாட்டினார். அன்றே நான் வாயைத் திறந்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அதற்குள் என் பக்கத்தில் பாராட்டுகள் குவிந்திருந்தன. இத்தனை வருஷ மர்மத்தை ஒரு பெண் தனியாளாக உடைத்துவிட்டாள் என்று எழுதினார்கள். கோபுரத்தில் எத்தனை படிகள் என்று நான் எண்ணிச் சொன்னதற்கு ஒருவரும் நன்றி சொன்னதில்லை. கார்பனை விட்டுவிட்டேன்.

ஆறு வருஷம் கழித்து ஒரு கடிதம் வந்தது. குருவியின் இளைய மகள், மருந்துக்கடையில் வேலை செய்பவள். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது, ஞாபகம் தப்பிக்கொண்டிருக்கிறது, விபத்து நடந்த அன்று அவர் படப்பிடிப்புக்கே போகவில்லை என்று எழுதியிருந்தாள். அன்றுதான் அவளுடைய அக்கா பிறந்தாளாம். பகல் முழுக்க அப்பா ஆஸ்பத்திரி வாசலில் நின்றதாக அம்மா உயிரோடு இருந்தவரை சொல்வாளாம். அந்த வரியை எடுத்துவிட முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தாள்.

உண்மையைச் சொல்லிவிடத்தான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. சாப்பாட்டு மேசையில், மாத்திரைப் பெட்டிக்கும் பூதக்கண்ணாடிக்கும் நடுவில், என் பக்கம் அச்செடுத்துக் கிடந்தது. கீழ் வீட்டுக்காரர் கொண்டுவந்து, இது நீங்கள்தானே என்று கேட்டுக் கொடுத்தாராம். காகிதம் மடிப்பில் கிழிந்து, ஒட்டுப்போட்டிருந்தது. சினிமாத் தொழிலாளி யாரைப் பார்க்கப் போனாலும் கைப்பேசியில் பதிவை ஓடவிடுவது என் வழக்கம். அன்றும் ஓடவிட்டேன்.

பெரியவர் என்னைப் பார்த்ததும் எழ முயன்றார்.

"நான்தாம்மா கட்டுனேன். ரெண்டு சுத்து போடணும். ஒண்ணுதான் போட்டேன்."

ஜன்னல் திரையின் கயிற்றைப் பிடித்து, எப்படிப் போட்டார் என்று கம்பியில் சுற்றிக்கூடக் காட்டினார். முடிச்சு அழகாக விழுந்தது.

"அப்பா, அன்னைக்கு நீங்க அங்க இல்லவே இல்லப்பா. அக்கா பொறந்தாள்ல?" என்றாள் மகள்.

"இல்லாம எப்படி? எழுதியிருக்குல்ல."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்கம்மா. இது உங்களுக்கு யாரு சொன்னது?"

நான் இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். அந்த அறையில் அப்போது ஒரு குளிர்பதனப்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அது அடங்கியதும் சொல்லலாம் என்று நினைத்தேன். அடங்கியது. "நம்பகமான ஆளுதாம்மா" என்றேன்.

டூப்பின் மனைவியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விலாசம் என்னிடம் இருந்தது. மகள் வேண்டாம் வேண்டாம் என்று தலையசைக்க, எழுதிக் கொடுத்தேன். பெரியவர் சாப்பிட மறுத்து அடம்பிடித்ததால் கடைசியில் அவளே அழைத்துப் போயிருக்கிறாள். அந்த அம்மாள் முழுக்கக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டாராம். வீடு திரும்பிய பெரியவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மூன்று வாரத்தில் போய்விட்டார்.

தளம் புதுப்பிக்கும் வேலை அப்போது பாதியில் இருந்தது. அண்ணன் மகள்தான் வடிவமைப்பு. அவள் ஒரு விதி வைத்திருந்தாள்: ஒவ்வொரு தகவலுக்கும் கீழே ஆதாரம் இருக்க வேண்டும், இல்லாதது புதிய தளத்துக்குள் வரக்கூடாது. அப்படி முப்பத்தேழு தகவல்கள் உதிர்ந்தன. கோபுரப் படிகளும் போயின. பிறகு அந்த வரிக்கு வந்தாள்.

"அத்தை, இதுக்கு ஒண்ணுமே இல்லையே. தூக்கிரட்டா?"

'தூக்கு' என்று ஒரு சொல் போதும். யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். நான் கைப்பேசியை அவள் முன்னால் வைத்தேன். மகள் பேசிய இடத்துக்கு முன்பே வெட்டிவிட்டிருந்தேன். பெரியவர் பேசியதைக் கேட்டு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது புதிய தளத்தில் அந்த வரிக்குக் கீழே, 'ஆதாரம்: குருவியின் சொந்த வாக்குமூலம், அவர் குரலில்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். தொட்டால் பேசுவார். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் தினமும் சரிபார்க்கிறேன்.

போன வாரம் குருவியின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அம்மாதான் தேதிய மாத்திச் சொல்லிட்டாங்களோம்மா? அப்பாவே சொல்றாரே" என்றாள்.

"இருக்கும்மா. அந்தக் காலத்துல யாரு தேதியெல்லாம் சரியா வச்சிருந்தாங்க" என்றேன்.

அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற மனிதரைக் கோபுரத்தில் ஏற்றியது நான். மனைவி அவருக்கு விட்டுப்போன ஒரே சாட்சியை மகளிடமிருந்து பறித்ததும் நான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கண்ணுகளா: எங்கள் தளத்தில் இன்று ஆதாரம் இல்லாத வரி ஒன்றுகூடக் கிடையாது.

சரி, எழுந்திருங்கள், வீட்டில் தேடுவார்கள். உங்கள் வீடு ஆளும் பேச்சுமாய் நிறைந்திருக்கட்டும். வீட்டுப் பெரியவர்களுக்குக் கடைசிவரை நினைவு தப்பாதிருக்கட்டும். தாங்கள் எங்கே இருந்தோம், எங்கே இல்லை என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கட்டும்.