மாடி போர்ஷன்

சிதம்பரத்தில் வீடு தேடி வருகிறவர்கள் முதலில் கேட்பது, தண்ணீர் நன்றாக வருமா என்றுதான். என் வீட்டில் வரும். அந்த விஷயத்தில் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை.

நாலு குடித்தனம் இருந்த வீட்டை ஏழாக்கினேன். கூடத்தின் குறுக்கே சுவர் வைத்ததில் ஜன்னல் ஒரு குடும்பத்துக்கும் ஃபேன் இன்னொரு குடும்பத்துக்கும் போனது. சைக்கிள் நிறுத்திய சந்தும் தனி அறையானது. அதற்குக் குடிவந்த மாணவன் நெட்டையாக இருந்தது என் தவறல்ல.

மாடி முழுக்க தேவசகாயம் சார் ஒருவர்தான். ஓய்வு பெற்ற வாத்தியார். பாதியையாவது விட்டுக்கொடுங்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டேன்.

"கலியமூர்த்தி, என் பொணம்தான்யா காலி பண்ணும்" என்றார். சொன்னது அவர்; நான் அல்ல.

கிறிஸ்துமஸுக்குக் கடலூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். அந்த வாரம் பின்பக்க மாடிப்படியை இடித்தேன். அந்த இடத்தில் ஓர் அறை கட்டலாம். மேலே அவர் வீட்டுப் பின்கதவு மட்டும் அந்தரத்தில் நின்றது.

"அண்ணே, கதவுக்கு வெளிய ஒரு பலகையாவது அடிச்சுடுறேன். அவுரு பாட்டுக்குத் தொறந்துடப் போறாரு" என்றார் மேஸ்திரி ராஜவேல்.

"வாடவக்காரர் கதவுல அவுரக் கேக்காம ஆணி அடிக்கலாமாய்யா?" என்றேன். எனக்குச் சில கொள்கைகள் உண்டு.

சார் இருட்டிய பிறகு வந்து முன்படி வழியாக ஏறினார். படியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கையில் கேக்கைக் கொடுத்து, "பசங்களுக்குக் குடுய்யா" என்றார். கேக் கொடுக்கிற மனிதரிடம் படி இல்லை என்று எப்படிச் சொல்வது?

விடியுமுன் கொல்லைக் குழாயில் குடிதண்ணீர் பிடிப்பது அவர் வழக்கம். மறுநாளும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, பின்கதவைத் திறந்து, காலை வைத்தார். முதலில் ஓடியது நான்தான். அவரைத் தூக்கியதும் நான்தான். உயிர் இல்லை. மகளுக்கு நானே போன் செய்து அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை, இன்ஸ்பெக்டர் சார்.

"மாடிக்கு டூலெட் போர்டு எப்ப மாட்டுனீங்க?" என்று கேட்டீர்கள்.

அவர் விழுந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம். நல்ல குடித்தனக்காரர் கிடைக்க நாலு நாளாவது ஆகாதா?