வெங்கச்சாங்கல் போகும் வழி

அரூரிலிருந்து மொரப்பூர் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னல் ஓரத்தில் இருந்த மூத்தவர் சொன்னார்:

"அந்த ஆபீசரம்மா கல்ல எடுத்து நக்கிப் பாத்துச்சு புள்ள."

"அய்யய்ய, எதுக்குக்கா?"

"ஈரமானாத்தான் உள்ள இருக்கற மினுக்கு தெரியுமாம். தங்கம் இருக்கான்னு பாக்க வந்தவங்க. எங்க காட்டுல வெள்ளையா வெங்கச்சாங்கல்லு கோடு போவுதில்ல, அதுக்குள்ளதான் இருக்குமாம்."

"இருந்துச்சா?"

"சாம்பிள் போயிருக்குது. எனக்கு அதில்ல பயம். அந்தக் கோட்டுக்குக் குறுக்க குறுக்க குழி வெட்டிக்கிட்டு வர்றாங்க. அடுத்த குழிக்குச் சுண்ணாம்பு போட்ட எடம், எங்க வூட்டுக்காரர பொதைச்ச எடம்."

"சண்ட போட்டியா?"

"எங்க போடறது, அழுதுட்டேன். அந்தம்மா செருப்பக் கழட்டி வுட்டுட்டு வந்து, சுண்ணாம்பக் கையாலயே கலைச்சுது. 'இந்தப் பக்கம் ஒன்னு, அந்தப் பக்கம் ஒன்னு வெட்டிப் பாத்தா, நடுவுல கல்லு எப்படிப் போவுதுன்னு சொல்லிடுவேங்க. அவர எழுப்ப வேணாம்'னுச்சு."

"கெட்டிக்காரிதான்."

"சொன்ன மாதிரியே அந்தப் பக்கத்துக் குழியிலயும் அதே கல்லு வந்துச்சு புள்ள."

"அப்ப மாமா தங்கத்து மேலயே படுத்திருக்காரா! உசுரோட இருந்தப்ப உனக்கு ஒரு குண்டுமணி வாங்கித் தரல."

அந்த அக்கா சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

எங்கள் அப்பாவைப் புதைத்து ஒரு மாதம்தான் ஆகிறது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.