ஈரம் காயாத ஹார்ட் டிஸ்க்

புகார் மனுவில் கண்டுள்ள பெயரும் முகவரியும் என்னுடையவைதான். வயது இருபத்தேழு. பல்கலைக்கழகத்தில் மொழியியல் ஆய்வு மாணவி. திருமணம் ஆகவில்லை. புகார் கொடுத்திருப்பவர் என் கூடப்பிறந்த அண்ணன். அவர் வீட்டின் பின்னறையில் வசிக்கிறேன்.

அச்சகங்களில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே வேலை செய்கிறவர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பது என் ஆய்வு. அவர்கள் பேச்சைப் பதிவு செய்து வீட்டுக் கணினியின் ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தேன். அவர்களில் ஒருவருக்கு அதன் பிறகு தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. இப்போது எழுதித்தான் காட்டுகிறார். பதிவுகளின் நகல் வேறொரு டிஸ்கில் இருந்தது. அண்ணன் என்னைக் கேட்காமல் அதை அழித்துவிட்டுச் சினிமாப் படங்களை ஏற்றிக்கொண்டார். கேட்டதற்கு, "சும்மாதானே கெடந்துச்சு" என்றார்.

நேற்று கணினி டிக் டிக்கென்று சத்தமிட்டு நின்றது. ரிப்பேர் கடைக்காரரிடம் போனில் கேட்டேன். "ஆன் பண்ணிப் பாக்காதீங்க. உள்ள முள்ளு தட்டைக் கீறுது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போயிடும். நாளைக்கு அப்படியே கொண்டாங்க" என்றார். அதன் பிறகு டிஸ்கைக் கழற்றித் துணியில் சுற்றி மேசை இழுப்பறையில் வைத்தேன். தொட வேண்டாம் என்று அண்ணனிடமும் அண்ணியிடமும் சொன்னேன். இன்று வகுப்பு முடிந்து வந்தபோது இழுப்பறையில் துணி மட்டும் இருந்தது.

அண்ணி ஃப்ரிட்ஜைக் காட்டினார். "உங்கண்ணன் வைத்தியம் பாக்குறார். குளுந்தா ஓடுமாம். எனக்குத்தான் மீன் வைக்க எடமில்ல."

டிஸ்க் ஃப்ரீசரில் பட்டாணிப் பாக்கெட்டுக்கு அடியில் இருந்தது. நான் எடுப்பதற்குள் அண்ணன் வந்து எடுத்தார். அதன் மேல் நீர் முத்து முத்தாக அரும்பியிருந்தது. சட்டையில் துடைத்துக் கணினியில் மாட்டினார். ஓடியது. என் கோப்புகள் திரையில் தெரிந்தன. அவர் அதிலிருந்த தன் கல்யாண வீடியோவை நகலெடுக்கத் தொடங்கினார்.

"அண்ணா, என்னோடத மொதல்ல எடு."

"ஆமா, என் கல்யாணத்தவிட அச்சாபீஸ்காரன் இருமுறதுதான் ஒனக்குப் பெரிசு."

அதன் பிறகு டிக் டிக்கென்று கேட்டது. திரையில் எல்லாம் உறைந்து நின்றது. அவர் கணினியை அணைத்து, பெட்டியை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, மறுபடி சுவிட்சில் விரலை வைத்தார். வேண்டாம் என்றேன். "என் கம்ப்யூட்டர், என் வீட்டுக் கரண்ட்டு. நீ யார்டி?" என்றார்.

அதன் பிறகு கடித்தேன். மனுவில் மணிக்கட்டு என்றிருப்பது தவறு. ஆள்காட்டி விரல்.

ஆத்திரத்தில் கடித்தேன் என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் காவலர் எழுதினார். அந்தச் சொல்லை அடித்துவிடச் சொன்னேன். தெரிந்துதான் கடித்தேன். விரல் சுவிட்சை விட்டு விலகும்வரை விடவில்லை.

அதன் பிறகு டிஸ்கைப் பிடுங்கிக்கொண்டு நேராக ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் கையை நீட்டினார். அவர் வாங்குவதற்குள் அண்ணன் ஒரு காவலரோடு வந்துவிட்டார். திருட்டுப் பொருள் என்று டிஸ்க் கைப்பற்றப்பட்டது.

நிலையத்தில் அதிகாரி, "கூடப்பொறந்தவன்தானேம்மா, ஒரு சாரி சொல்லிட்டுப் போயேன்" என்றார். சாரி சொன்னால் புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டு டிஸ்கை வீட்டுக்கு எடுத்துப்போவதாக வெளியே பெஞ்சிலிருந்து அண்ணன் சொல்லியனுப்பினார். சொல்ல மாட்டேன். டிஸ்க் அவர் கைக்குப் போவதைவிட இங்கே இருக்கட்டும். நானும் இருக்கிறேன்.

அதன் பிறகு கணினி தெரிந்த காவலர் ஒருவர், "போட்டுப் பாத்தா யாரோடதுன்னு தெரிஞ்சிடப்போவுது" என்று வயரை எடுத்தார். நான் நிலையத்தில் கூச்சலிட்டதாகச் சொல்லப்படுவது அப்போதுதான். அதுவும் உண்மை. அவர் வயரைக் கீழே வைக்கும்வரை நிறுத்தவில்லை.

வழக்கு எப்படிப் போனாலும், என்னை எங்கே வைத்தாலும், அந்த டிஸ்கை அந்தக் கடைக்காரரைத் தவிர யாரும் ஓடவிடக் கூடாது என்று இதில் எழுதும்வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். எழுதினார்கள். படித்துக் காட்டினார்கள். இவை நான் சொன்னவை, நடந்தவை. எதையும் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

(ஒப்பம்)